மீன் பைக்குள் புளியோதரை
சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு வந்து மூன்றாவது கோடை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை தயிர் வாங்க மறந்தால் மறந்ததுதான். காலிப் பாட்டில்களைக்கூட ஞாயிறன்று தொட்டியில் போடக்கூடாது, சத்தம் வருமாம். முதல் வருடம் தெரியாமல் போட்டுவிட்டு, எதிர்வீட்டுப் பாட்டி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சரி, பொழுது போக வேண்டுமே? ரைன் ஆறு இருக்கிறது. இங்கே விக்கெல்ஃபிஷ் என்று மீன் வடிவில் ஒரு பை விற்கிறார்கள். துணி, செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் உள்ளே திணித்து, வாயை ஏழு சுற்றுச் சுருட்டிப் பூட்டினால் தண்ணீர் புகாது, மிதக்கவும் செய்யும். டிங்கெலி அருங்காட்சியகத்துப் பக்கம் இறங்கினால் ஆறே இழுத்துக்கொண்டு போகும். சின்ன பாசல் என்கிற வலது கரையை ஒட்டியே போக வேண்டும், நடு ஆற்றில் சரக்குக் கப்பல் வரும். மோட்டாரே இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்திலேயே குறுக்கே போகும் படகையும் தண்ணீரிலிருந்தே வேடிக்கை பார்க்கலாம்.

காவிரியில் குதித்து வளர்ந்தவர் என்று பீற்றிக்கொள்ளும் என் வீட்டுக்காரர், முதல் முங்கிலேயே "ஐயோ, ஐஸு!" என்று அலறியது கரை வரைக்கும் கேட்டது. நான் சிரித்ததில் தண்ணீர் குடித்துவிட்டேன்.

நேற்று அந்தப் பையில் புளியோதரையும் வைத்திருந்தேன். பை நனையவில்லை. டப்பா மூடிதான் சரியில்லை. இப்போது அவருடைய டீ-ஷர்ட் முழுக்க நல்லெண்ணெய். கட்டடத்துக்கே பொதுவான சலவை அறையில் எங்கள் முறை அடுத்து வருவது வியாழக்கிழமைதான்.