பென்சிலில் எழுதிய 'திமிர்'

மனிதராகப் பிறந்ததாலேயே வருவதாகச் சொல்லப்படும் இயற்கை உரிமை என்ற பேச்சையே 'பொய்க்கால் கட்டிய உளறல்' என்று கேலி செய்தார் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம். சட்டம் இல்லாமல் உரிமை ஏது என்பது அவர் கட்சி. முதன்முறை படித்தபோது எரிச்சலில் பக்க ஓரத்தில் பென்சிலால் 'திமிர்' என்று எழுதிவைத்தேன்.

பிறகு அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட்டைப் படித்தேன். 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பியவர், பல ஆண்டுகள் நாடற்றவர். மனிதர் என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லாமல் நிற்பவரைத்தான் மனித உரிமை கைவிட்டது என்கிறார். அனுபவித்தவர் சொல்கிறார், என்ன பதில் சொல்ல? 1789இன் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத் தலைப்பிலேயே 'மனிதன்', 'குடிமகன்' என்று இரண்டு பேர்; குடிமகனாக இல்லாத மனிதனுக்கு உரிமையை யார் தருவது? (பெண் எங்கே என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜ் 1791இல் தனிப் பிரகடனமே எழுதினார்.)

'திமிர்' இன்னும் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.