முதுகும் மிக்ஸியும்: ஒரு தடைக்கால நாட்குறிப்பு

15 ஏப்ரல் 2025, செவ்வாய், மண்டபம்

இன்று தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள்களுக்கு மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் ஐஸ் ஓடாது. ஐஸ் ஓடாவிட்டால் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கும் அரைநாள் வேலைதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மர நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதற்கான வட்டியை என் இடுப்பு இப்போது வசூலிக்கிறது. பொங்கலுக்குப் பிறகு வலப்புறத்தில் வந்து உட்கார்ந்த பிடிப்பு இன்னும் எழுந்து போகவில்லை. ராமநாதபுரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு ஒன்றுமில்லை, நடங்கள் என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. மதுரையில் ஒரு கைரோபிராக்டிக் நிலையத்தில், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தி வைத்தியம் செய்யும் இடத்தில், எனக்கு நாள் குறித்துவிட்டாள். அத்துடன், காலை உணவுக்குப் பதிலாகப் பழச்சாறும் காய்ச்சாறும் குடித்தால் உடலின் கழிவெல்லாம் நீங்கும் என்று சொல்லி ஒரு ஜூஸரையும் அனுப்பிவைத்திருக்கிறாள். தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிப் பலகை பார்க்கிறார்கள்; என்னையும் பார்த்துவிடட்டும் என்று சம்மதித்தேன்.

19 ஏப்ரல், சனி

சாறு குடிக்கத் தொடங்கி மூன்று நாளாகிறது. பீட்ரூட், கேரட், ஆப்பிள், சிறிது இஞ்சி. முதல் நாள் மாலை சிறுநீர் சிவந்து போனதைக் கண்டு, ரத்தம்தான் என்று பதறி, ஆட்டோ வரை போய்விட்டேன். பீட்ரூட்டின் நிறம் சிலருக்கு அப்படியே வெளியேறும் என்று மகள் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அவள் சிரித்ததை இங்கே எழுத வேண்டாம்.

கணக்கெழுதும் புத்தி சும்மா இருக்கவில்லை. சக்கையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். போட்டதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிலேயே நின்றுவிட்டது. நாரில் பெரும்பகுதி அதில்தான். வயிற்றைச் சுத்தப்படுத்துவதற்காகக் குடிக்கிறோம் என்கிறோம். வயிற்றுக்கு வேலை செய்யும் பகுதியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடுகிறோம். ஆடு நலமாக இருக்கிறது.

23 ஏப்ரல், புதன், மதுரை

ஏறத்தாழ 150 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். முதுகுவலிக்கு வைத்தியம் பார்ப்பதற்காக முதுகை இவ்வளவு குலுக்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

வைத்தியம் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தொடுவதற்கு முன்பு அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன: கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் கட்டுப்படாமல் போகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமின்றி எடை குறைந்ததா, எங்கேயாவது விழுந்தீர்களா. இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லியிருந்தாலும் மேசையில் படுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, குறுகிய தூரத்துக்கு ஆனால் மிக விரைவாக ஓர் அழுத்தம் கொடுத்தார். மடமடவென்று சத்தம். எழுந்து நின்றபோது இரண்டு அங்குலம் வளர்ந்தது போல இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு குனிந்து என் செருப்பை நானே மாட்டிக்கொண்டேன்.

அடுத்ததாகக் கழுத்தைப் பிடித்தார். வேண்டாம் என்றேன். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. சட்டென்ற திருகலில் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் எனக்கு வலிப்பது கழுத்தன்று. அவர் வற்புறுத்தவில்லை. (சலூனில் முடி வெட்டி முடித்ததும் இலவசமாகக் கழுத்தைத் திருகுகிறார்களே, அதற்கும் இனி தலையை நீட்டுவதாக இல்லை.)

வெளியே வந்தால் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு அமர்வுகளுக்கான தொகுப்பு காத்திருந்தது, 18,000 ரூபாய். வலி போன பிறகும் மாதம் ஒருமுறை ‘பராமரிப்பு’க்கு வர வேண்டுமாம். ஓர் அமர்வுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

24 ஏப்ரல், வியாழன்

அந்தச் சத்தத்தைப் பற்றியே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த ஓசை என்றுதான் நேற்று நினைத்தேன். அப்படியன்று. மூட்டுக்குள் வழுவழுப்பான நீர் ஒன்று இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் திடீரென விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்த நீரில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகத் திரள்கிறது. சத்தம் வருவது அப்போதுதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்து இதைப் படமாகவே காட்டினார்கள். நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறித்தால் சத்தம் வராததும் இதனால்தான்.

திருஷ்டி கழிக்கும்போது என் பாட்டி எங்கள் முகத்தைத் தடவி, தன் நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெரிப்பாள். சத்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கண்ணேறு என்பது கணக்கு. நான் மதுரையில் கேட்டதும் அதே சத்தம்தான். வாங்கிய விலைதான் வேறு. கையசைவினால் தசை இளகியது உண்மை. சத்தம் அதற்குச் சாட்சியாகாது.

26 ஏப்ரல், சனி

பிடிப்பு திரும்பி வந்துவிட்டது. முன்பைவிடக் குறைவு, ஆனால் அதே இடம்.

2 மே, வெள்ளி

கைரோபிராக்டிக் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று, டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தி, அவருக்கு மந்தமாகியிருந்த செவிப்புலனை மீட்டதாகச் சொன்னதிலிருந்து இது தொடங்குகிறது. கிரேக்க மொழியில் கை, செயல் என்ற பொருளுடைய இரு சொற்களிலிருந்து பெயர் வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்களுக்கு முதுகெலும்பின் விலகலே காரணம் என்று பால்மர் எழுதியிருக்கிறார். செவி நரம்போ காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. முதுகுப் பக்கம் வருவதே இல்லை. எனவே பிறந்த கதையை நான் நம்பவில்லை. ஆனால் இடுப்பு வலியைப் பொறுத்தவரை அந்தக் கைகளை ஒதுக்கவும் முடியவில்லை: நாள்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, பிடித்துவிடுதல் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் பயன்படுத்தத்தக்கது என்ற பட்டியலில் இருக்கிறது. இடுப்புப் பட்டையும் இழுவை சிகிச்சையும் வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன. இரண்டு பட்டைகளை ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

9 மே, வெள்ளி

பாசி எடுக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் வந்து உட்கார்ந்து, “மதுரைக்குப் போயி முதுக முறிச்சுக்கிட்டு வந்தியளாக்கும்?” என்றார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மணிக்கணக்கில் நீரில் மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறவர் அவர். அவருடைய இடுப்புக்கு முன்னால் என் இடுப்பைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உச்சிப்புளிப் பக்கத்தில் ஒரு பாட்டி நல்லெண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்துவிடுவாராம். அதற்கும் கேட்காவிட்டால் தலைக்குப் பதில் கால் முதலில் வெளிவந்து பிறந்த பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து மிதிக்கச் சொல்வார்களாம். “அதுக்கும் போகலேன்னா கடலுக்குப் போயிருவேன், வேற என்ன?”

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முறுக்கல் நம்மிடமும் இருந்தது. தொகுப்புக் கட்டணம்தான் இல்லை.

13 மே, செவ்வாய்

இன்று வீட்டில் சண்டை. என் மனைவிக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. நான் குடிப்பதைப் பார்த்து அவளும் ஒரு வாரமாக மூன்று சாத்துக்குடியைப் பிழிந்து குடித்து வந்திருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்தால் 262. மூன்று பழத்தை உரித்து உட்கார்ந்து தின்றுவிட யாராலும் எளிதில் முடியாது. பாதியிலேயே வாய் போதும் என்று சொல்லிவிடும். பிழிந்தால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது, தடுத்து நிறுத்த நாரும் இல்லை. பழத்துக்குள் இருக்கும்வரை கணக்கில் வராத சர்க்கரையை, பிழிந்து குவளைக்கு வந்ததும் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு ஒன்றாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. கரும்புச்சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் வரை என்பது 2024-இல் வந்த நமது நாட்டு உணவு வழிகாட்டுதலின் கணக்கு. ராமேஸ்வரம் சாலையோரத்தில் ஒரு குவளை குடித்தால் அன்றைய வரவுசெலவு முடிந்தது.

‘கழிவு நீக்கம்’ பற்றி மருத்துவரிடம் கேட்டேன். கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் அதைத்தான் செய்கின்றன என்றார். பசலைக் கீரையையும் பீட்ரூட்டையும் தினமும் சாறாக்கிக் குடித்தால் ஆக்சலேட் என்ற உப்பு மிகுந்து அந்தச் சிறுநீரகத்துக்கே சுமையாகலாம், அதிலும் இந்த வெயிலில், என்றும் சொன்னார்.

16 மே, வெள்ளி

சுரைக்காய்ச் சாறு குடிக்கச் சொல்லி மகளிடமிருந்து செய்தி. மனைவி காயின் முனையில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள், துப்பினாள், காயை முழுவதுமாக வீசினாள். அவள் அம்மா வெள்ளரிக்காய்க்கும் அப்படித்தான் செய்வாராம். கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு இருக்கிறது. அதைச் சாறாகக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. கசந்தால் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எச்சரித்திருக்கிறது. கசப்பென்றால் உடம்புக்கு நல்லது என்று வளர்ந்த நான், இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துக் கண்ணை மூடிக் குடித்திருப்பேன்.

21 மே, புதன்

ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சத்தம் எதுவும் வரவில்லை. பயிற்சிகள் நான்கு சொல்லிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பெயர் பாலம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி, பத்து எண்ணி இறக்க வேண்டும். வீட்டில் செய்து காட்டியபோது மனைவி கேட்டாள், “பழைய பாம்பன் பாலமா, புதுப் பாலமா?” 1914-இல் கட்டியது நடுவில் பிளந்து இரு பக்கமும் கை தூக்கும், கடந்த மாதம் 6-ஆம் தேதி திறந்தது அப்படியே செங்குத்தாக மேலெழும். என்னுடையது புதுப் பாலம்தான் என்றேன். பத்தாவது எண்ணிக்கையில் நடுங்கியது.

நாற்காலியைப் பற்றியும் அவர் சொன்னார்: நல்ல நாற்காலி வாங்குவதைவிட, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எதிலிருந்தாவது எழுந்து போவது மேல்.

3 ஜூன், செவ்வாய்

பயிற்சி தொடங்கிப் பதின்மூன்று நாள். இரண்டு நாள் ஏமாற்றினேன். வலி பாதியாகியிருக்கிறது. மாலையில் முயல்தீவுக்குப் படகேறும் துறை வரை நடந்து திரும்புகிறேன். வழியில் நுங்கு கிடைத்தால் வாங்கி, சக்கையும் வழுக்கையுமாக அப்படியே தின்கிறேன். காலையில் மனைவி மோரும் நீராகாரமும் வைக்கிறாள். பழம் வாங்கினால் அரிந்து தட்டில் வருகிறது. மதுரைக்கு இன்னொரு முறை போகலாமா என்று ஒரு நாள் தோன்றியது. பிடிப்பு மிகுந்தால் போவேன், இடுப்புக்கு மட்டும்.

14 ஜூன், சனி

துறையில் இன்று பகல் முழுவதும் ஐஸ் உடைக்கும் சத்தம். வண்டிக் கணக்கு எழுத மாலை ஏழு மணிவரை அந்த மர நாற்காலியில் இருந்தேன். மேசைமீது மகளின் பழைய அலாரம் கடிகாரத்தை வைத்திருந்ததால் ஒன்பது முறை எழுந்து வாசல் வரை போய் வந்தேன். லோடுமேன்கள் யாரையோ எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஜூஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் புது மீன் வந்துவிடும், குழம்புக்குத் தேங்காய்ப்பால் இதில் எப்படி இறங்குகிறது என்று மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழிவதைவிடக் கெட்டியாக வருகிறதாம்.