யாரோ ஓட்டிய ஸ்கூட்டருக்கு என் பேரில் சலான்

என் ஸ்ப்ளெண்டர் பைக் 2009-இல் பதிவானது. பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி, இரு சக்கர வண்டிக்கு 1,000 ரூபாய் கட்டணம், கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பது என்று எல்லாமே நேர்கோடான வேலைதான். ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பிக்கப் போனேன். வண்டி எண்ணைத் தட்டிய பையன் திரையை என் பக்கம் திருப்பினான். "சலான் பெண்டிங் சார். இது முடியாம மேல போகாது."

அபராதச் சீட்டு போட்டதாக எனக்கு எந்த மெசேஜும் வந்ததில்லை. இ-சலான் தளத்தில் வண்டி எண்ணோடு, வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கொடுத்தோம். ஹெல்மெட் இல்லை, 1,000. ட்ரிப்பிள்ஸ், இன்னொரு 1,000. இடம் மதுரைக்கும் தெற்கே ஒரு ஊரின் பஸ் ஸ்டாண்ட் சந்திப்பு. சில வாரங்களுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம். நான் வேலை பார்ப்பது தாம்பரத்தில். என் வண்டி செங்கல்பட்டைத் தாண்டியே வருடக்கணக்காகிறது.

சலான் விவரத்தில் போட்டோவுக்கு ஒரு சின்ன இணைப்பு இருக்கும். நிறையப் பேர் தொகையைப் பார்த்த பதற்றத்தில் அதைத் தொடுவதே இல்லை. தயவுசெய்து தொடுங்கள். எனக்கு வந்த படம் பின்னாலிருந்து எடுத்தது. சாம்பல் நிறத்தில் கியர் இல்லாத ஸ்கூட்டர், மூன்று பையன்கள். கடைசியில் இருப்பவன் ஒரு வாட்டர் கேனைத் தொங்கவிட்டிருக்கிறான், அது நம்பர் பிளேட்டின் ஓரத்தில் இடிக்கிறது. பிளேட்டில் ஸ்டிக்கர் கடையில் ஒட்டிய சாய்வெழுத்து. பெரிதாக்கினால், என் எண்ணில் 3 இருக்கும் இடத்தில் அதில் 8. அந்த 8-இன் இடது பக்கம் கொஞ்சம் உரிந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். பார்க்கப்போனால் அப்படிச் சாய்த்து எழுதியதே விதிமீறல், அதற்கும் சேர்த்து ஒரு கேஸ் போட்டிருக்கலாம். இன்னும் கொடுமை, அதே பக்கத்தில் மேலே வாகன விவரம் என்ற கட்டத்தில் 'ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர்' என்று தெளிவாக இருந்தது. மேலே ஸ்ப்ளெண்டர், கீழே ஸ்கூட்டர். போட்டவர்களும் சரிபார்த்தவர்களும் இரண்டையும் சேர்த்து ஒருமுறை பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"ரெண்டாயிரம்தானே சார், கட்டிட்டு வேலையைப் பாருங்க" என்றான் பையன். ஆபீசிலும் அதைத்தான் சொன்னார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் உயர்வதற்கு முன்பு ஹெல்மெட் இல்லாததற்கு 100 ரூபாய். அந்தக் காலமாக இருந்தால் நானும் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பேன். இப்போது பிரச்சினை பணம் மட்டுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரிப்பிள்ஸுக்கான 194சி, ஹெல்மெட்டுக்கான 194டி இரண்டுமே அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸைத் தகுதி நீக்கம் செய்ய இடம் கொடுக்கின்றன. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. தவிர, நாளைக்கு அந்த ஸ்கூட்டர் யார் மீதாவது இடித்துவிட்டு நிற்காமல் போய், பார்த்தவர்களும் அந்த 8-ஐ 3 என்றே படித்தால்? 'அன்றைக்கும் அந்த வண்டி என்னுடையது என்று பணம் கட்டினாய் அல்லவா' என்று கேட்க மாட்டார்களா?

முதலில் இ-சலான் தளத்திலேயே புகார் கொடுத்தேன். சலான் எண், பெயர், மொபைல், என்ன தவறு என்று எழுதும் பெட்டி, ஆவணம் ஏற்ற ஒரு இடம். கொடுத்ததும் ஒரு டிக்கெட் எண் வரும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தை அணுகவும். புகார் முடிக்கப்பட்டது. சலான் மட்டும் முடியவில்லை.

சம்பந்தப்பட்ட நிலையத்துக்குப் போன் போட்டால் யாராவது எடுத்து, "வண்டியையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க" என்பார்கள். ஐநூறு கிலோமீட்டர் சார், என்றால், "அப்ப ஆன்லைன்ல போடுங்க." ஆன்லைனில் உங்களிடம் போகச் சொல்கிறார்கள் சார், என்றால் லைன் கட்டாகும். ஒருநாள் சாயங்காலம் ஒரு ஏட்டு எடுத்தார். குரலிலேயே அலுப்பு தெரிந்தது, ஆனாலும் முழுசாகக் கேட்டார். சலான் எண்ணை வாங்கி அங்கேயே படத்தைத் திறந்தவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது ஸ்கூட்டராச்சே சார்?" என்றார்.

எப்படி நடந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். சந்திப்பில் நிற்பவர் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக்கொண்டிருக்க முடியாது, மொபைலில் படம் எடுத்துவிடுவார். டிராஃபிக் ஓய்ந்த பிறகு ஸ்டேஷனில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மெஷினில் எண்ணை அடிப்பார்கள். அடித்ததும் வண்டியின் பெயர் தானாக வந்து விழும். வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் அதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ஒரு நாளைக்கு இத்தனை கேஸ் என்று கணக்கு உண்டா என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான்: "இன்னும் கோர்ட்டுக்குப் போகல. போயிட்டா எங்க கையில இல்ல சார். அதுக்குள்ள எழுத்துல குடுங்க." கட்டாமல் கிடக்கும் சலான், ஆன்லைனிலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அந்தத் தளத்தில் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கிறேன் என்று தேர்வு செய்யலாம். எதிர்த்தால் அந்த எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு வழக்கு மாறும். லீவு போட்டு, ரயில் ஏறி, வாய்தா என்றால் மறுபடியும் ரயில் ஏற வேண்டும். இதற்குப் பயந்தே பலர் கட்டிவிடுகிறார்கள்.

மனுவை ஒரே பக்கத்தில் முடித்தேன். அநியாயம், அவமானம் என்றெல்லாம் எழுதவில்லை, எழுதக் கை துறுதுறுத்தது உண்மை. சலான் எண், படத்தில் இருப்பது ஸ்கூட்டர், பதிவில் இருப்பது மோட்டார் சைக்கிள், எண்ணில் இந்த இடத்தில் இந்த வேறுபாடு, ரத்து செய்ய வேண்டுகிறேன், அவ்வளவே. கேமரா வழியாகப் போடும் வழக்குகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ இருக்கிறது. 2021-இல் சேர்த்தது. படத்தில் குற்றமும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும், 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது. அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டேன். கூடவே ஆர்.சி. நகல், வண்டியின் நான்கு பக்கப் படங்கள், சலான் படத்தைப் பெரிதாக்கி எடுத்த கலர் பிரிண்ட், அன்றைய ஆபீஸ் வருகைப் பதிவு. சேசிஸ் எண் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியையும் வைத்தேன். ஆர்டிஓ வேலைக்குப் பழகியவர்கள் அதைப் பார்த்தால் மறுபேச்சு பேச மாட்டார்கள். நிலையத்துக்கு ஒன்று, மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

காத்திருந்த நாட்களில் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது வேறொன்று. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை உண்டு. வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்கிறது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி. இது ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிவிட்டுப் போன தார் மேடு. வெள்ளைக்கோடும் இல்லை, பலகையும் இல்லை. மழை நாளில் பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா விழுந்ததைப் பார்த்துவிட்டுப் படத்தோடு புகார் கொடுத்தேன். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் வந்தது. மேடு இன்னும் அங்கேயே இருக்கிறது. சாலையைச் சரியான தரத்தில் போடாத, பராமரிக்காத அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ என்ற பிரிவே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோதான் பாயும். ஹெல்மெட் போடாதவன் விழும்வரை காத்திருந்தா ஃபைன் போடுகிறார்கள்? போலீஸ் ஹெல்மெட் பிடிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்னும் பிடிக்கட்டும். சாலையில் தப்பு செய்கிறவர்களில் நம்பர் பிளேட் மாட்டியவர்கள் மட்டுமே அந்த மெஷினுக்குத் தெரிகிறார்கள் என்பதுதான் என் புகார்.

தபால் போய்ச் சேர்ந்ததற்கான அட்டைகள் திரும்பி வந்தன. பிறகு நிலையத்திலிருந்து போன், வேறொருவர். வண்டி உங்களிடம்தான் இருக்கிறதா, யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டுவிட்டு, நம்பர் பிளேட்டும் அன்றைய செய்தித்தாளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவை வாட்ஸாப்பில் கேட்டார். கடத்தல்காரர்கள் அனுப்புவது போல ஸ்ப்ளெண்டர் மீது பேப்பரை விரித்து எடுத்து அனுப்பினேன். இன்ஸ்பெக்டர் எழுதி மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தை யாரிடமிருந்தும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் தளத்தில் பார்த்தபோது என் எண்ணுக்குக் கீழே நிலுவை எதுவும் இல்லை. ரத்தானதற்குத் தனியாகக் கடிதமும் இல்லை. அந்தத் திரையை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன், ஆர்.சி. புதுப்பிக்கும்போது கேட்டார்கள்.

மெசேஜ் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாகனப் பதிவில் என் பெயருக்கு எதிரே இருந்தது வண்டி வாங்கிய ஷோரூம்காரர்கள் கொடுத்த ஏதோ ஒரு எண். இத்தனை வருடமும் என் வண்டி சம்பந்தப்பட்ட எல்லாம் அந்த எண்ணுக்கே போயிருக்கிறது. மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் மொபைல் எண்ணை மாற்றும் வசதி உண்டு. சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதி, ஆர்.சி. செல்லுபடியாகும் தேதி எல்லாம் கேட்கும், ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பத்து வருடத்துக்கு மேலான வண்டி என்றால் இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. சலான் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் தெரிந்தால்தான் இந்த வழியே திறந்திருக்கும்.