ஃபைனல் இயர் மெடிசின்: இதயமும் ரத்தமும், ஜூனியர்களுக்காக

ரிசல்ட் வந்துவிட்டது, மெடிசின் பாஸ். நிம்மதியாகத் தூங்கி எழுந்த கையோடு எழுதுகிறேன். தேர்வு அமைப்பு உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கார்டியோ கேஸுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஸ்டெத் மார்பில் இருக்கும் வரை, இன்னொரு கை கரோட்டிட் (கழுத்து நாடி) மேல் இருக்க வேண்டும். நாடித்துடிப்பு நூறைத் தாண்டினால் டயஸ்டலி (இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம்) சுருங்கிவிடும். எது எஸ் 1 (முதல் இதய ஒலி), எது எஸ் 2 (இரண்டாவது) என்று காதால் மட்டும் பிரிப்பது கஷ்டம். விரலில் துடிப்பு தட்டும் அதே நேரத்தில் முர்மர் (இதய இரைச்சல்) கேட்டால் சிஸ்டாலிக் (இதயம் சுருங்கும்போது வருவது), துடிப்பு அடங்கிய பிறகு கேட்டால் டயஸ்டாலிக். மணிக்கட்டு நாடியான ரேடியலை நம்பாதீர்கள், அது தாமதமாக வரும்.

எனக்கு லாங் கேஸாக (விரிவாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி) வந்தவர் நாற்பதை நெருங்கிய ஓர் அம்மா. "மாடி ஏறினா மூச்சு முட்டுது, ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சாத்தான் படுக்க முடியுது" என்றார். மல்லாந்து படுத்திருக்கையில் உரத்த எஸ் 1 தவிர வேறெதுவும் பிடிபடவில்லை. "அம்மா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, மூச்ச முழுசா விட்டுட்டு நிறுத்துங்க" என்று சொல்லி, ஸ்டெத்தின் பெல்லை (கிண்ண முனை) ஏபெக்ஸில் (இதயத்தின் நுனி) பட்டும் படாமலும் வைத்தேன். கரோட்டிட் துடிப்பு முடிந்ததும் அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம். மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு குறுகல். பெல்லை அழுத்தினால் அது டயாஃப்ரமாக (தட்டை முனை) மாறி, இந்த முர்மர் காணாமல் போய்விடும்.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்டவை:

- எவ்வளவு தீவிரம்? முர்மரின் சத்தத்தை வைத்துச் சொல்லாதீர்கள். அது எவ்வளவு நீளம், எஸ் 2-க்கும் ஓப்பனிங் ஸ்னாப்புக்கும் (வால்வு திறக்கும் ஒலி) இடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை வைத்துச் சொல்லுங்கள்.
- ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) இருந்தால்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஐஎன்ஆர் (ரத்த உறைவு அளவீடு) 2 முதல் 3. ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் ஏன் கூடாது என்பதற்கு 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வைச் சொன்னேன். ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் ரிவரோக்சபானைவிட பழைய மருந்தே உயிரைக் காத்தது.
- ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வராமலிருக்க பெனிசிலின்? பென்சத்தீன், 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒரு முறை.

அப்புறம் அவர் கேட்டது: "கண்ணில் பேலர் (வெளிறல்) இருக்கே, ஹீமோகுளோபின் ஏழு என்றால் இந்த இதயம் என்ன ஆகும்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக ஓடும். ஓடினால் டயஸ்டலி சுருங்கும். குறுகிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரம் போதாது. இடது ஏட்ரியத்தில் அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கோக்கும். இந்தச் சங்கிலியைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆகவே பேலர் என்று எழுதிவிட்டுக் கடந்து போகாதீர்கள். வெறும் ரத்தசோகையிலும் முர்மர் கேட்கும், ஆனால் அது சிஸ்டாலிக். டயஸ்டாலிக் முர்மரை ரத்தசோகையின் கணக்கில் எழுதவே கூடாது. பேலரோடு காய்ச்சலும் கிளப்பிங்கும் (விரல் நுனி வீக்கம்) மண்ணீரல் வீக்கமும் இருந்தால் எண்டோகார்டைட்டிஸை (இதய உட்சுவர், வால்வு தொற்று) முதலில் நினையுங்கள்.

ஹீமட்டாலஜியில் எங்களுக்கு யாரும் ஸ்மியரை (கண்ணாடியில் பூசிய ரத்தம்) உட்கார்ந்து காட்டவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. லேப் அக்காவிடம் கேட்டுத்தான் பார்த்தேன், மதியம் கூட்டம் குறைந்ததும் சலிக்காமல் காட்டினார். நீங்களும் போய்க் கேளுங்கள். ஆறு மடல் நியூட்ரோஃபிலை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பி12 குறைபாடு மறக்காது.

ரத்தப் பரிசோதனை சார்ட் கொடுத்தால் முதலில் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) சதவீதம். அதையும் அப்படியே எடுக்காதீர்கள், ஹீமட்டோகிரிட்டால் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) பெருக்கி 45-ஆல் வகுக்க வேண்டும். ரெட்டிக் 4 சதவீதம், ஹீமட்டோகிரிட் 15 என்றால் திருத்திய எண் 1.3 தான். பார்க்க அதிகம் போலிருக்கும், உண்மையில் மஜ்ஜை ஈடுகொடுக்கவில்லை. நிஜமாகவே கூடியிருந்தால் ரத்தப்போக்கு அல்லது ஹீமோலிசிஸ் (சிவப்பணு சிதைவு). கூடவில்லை என்றால் அடுத்து எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு).

எம்சிவி 80-க்குக் கீழே போனால் அதை சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்சிவி 62, எண்ணிக்கை 5.8 மில்லியன் என்றால் 10.7, 13-க்குக் கீழ், தலசீமியா டிரெய்ட் (மரபுவழி ரத்தக் கோளாறைச் சுமப்பது) பக்கம். 66, 3.6 என்றால் 18; இரும்புக் குறைபாடு பக்கம். இது வழிகாட்டும், உறுதி செய்யாது. உறுதிக்கு ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பின் அளவு) ஹெச்பி ஏ2-வும் (ஹீமோகுளோபினில் ஒரு வகை) வேண்டும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் டிரெய்ட். இரும்பு குறைந்திருந்தால் ஏ2-வும் இறங்கிக் காட்டும், கவனம்.

நீலகிரிப் பழங்குடி நோயாளி என்று கேஸில் வந்தால் சிக்கிள் செல்லை (அரிவாள் வடிவச் சிவப்பணு நோய்) விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் அது முதலில் பதிவானதே அங்குதான், 1952-இல்.

ரத்தக் கசிவு கேள்விகள், சுருக்கமாக:

- ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரச் சோதனை) மட்டும் நீண்டால் ஹீமோஃபிலியா. சாதாரண பிளாஸ்மா கலந்தும் சரியாகவில்லை என்றால் இன்ஹிபிட்டர் (உறைதலைத் தடுக்கும் எதிர்ப்பொருள்).
- பிளேட்லெட் மட்டும் குறைந்து மற்றவை சரி என்றால் ஐடிபி (உடலின் எதிர்ப்பாற்றலே பிளேட்லெட்டை அழிப்பது).
- எல்லாமே கெட்டு, ஃபைப்ரினோஜனும் (உறைய உதவும் புரதம்) இறங்கினால் டிஐசி (உடல் முழுதும் உறைதல் கட்டுப்பாட்டை இழப்பது).
- பி12 குறைபாட்டில் ஃபோலேட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் எதிர்பாருங்கள்.

நான் வாய்விட்டுச் சொல்லிப் படிக்கிற ஆள். ஆகவே ராத்திரி ஹாஸ்டல் மாடியில் நண்பனை நோயாளியாக உட்காரவைத்துக் கேஸ் பிரசென்ட் செய்தேன். அமைதியாகப் படிப்பவர்களும் லாங் கேஸ் ஹிஸ்டரியையாவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி வாரம் புதுப் புத்தகம் எதையும் தொடாதீர்கள். ஸ்டெத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போங்கள், ஒரு கை கரோட்டிட்டில்.