தாய்வழியில் ‘எம்’ வந்தால்: கோப்பில் எங்கே பார்ப்பது, எங்கே நிறுத்துவது

மரபணுச் சோதனை முடிவு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். ஆப்பிரிக்காவில் கிளம்பிய அம்புக்குறி அரபுக் கரையோரமாக வந்து இந்தியாவுக்குள் இறங்கும். பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘எம்’ (M) என்று போட்டிருக்கும். தாய்வழி மரபு ஒன்றுக்கு ஆய்வாளர்கள் வைத்த எழுத்து அது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தியாவின் தாய்வழி மரபுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் எம். சைபீரியாவில் நிறையக் காணப்படும் சி (C), டி (D) என்ற மரபுகள் இரண்டும் எம்மின் கிளைகள்தான். ஆகவே ‘நான் எம்’ என்று சொல்வது, விலாசம் கேட்டவரிடம் ‘ஆசியா’ என்று சொல்வது மாதிரி. தெருவும் கதவு எண்ணும் கோப்பில் இருக்கும் டிஎன்ஏ எழுத்து மாற்றங்களில்தான் கிடைக்கும்.

முதலில் சோதனைக்கு யாருடைய எச்சில் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தாய்வழிச் சோதனை படிக்கும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்பு) டிஎன்ஏ தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வரும், மகனோடு நின்றுவிடும். உங்கள் அம்மா, பாட்டி, பூட்டி, ஓட்டி என்று போகும் கோடு வேண்டுமானால் உங்கள் எச்சிலே போதும். அப்பாவின் அம்மா வழி வேண்டுமானால் அப்பா, அத்தை, அத்தை பிள்ளைகள், இவர்களில் ஒருவர் வேண்டும். சித்தப்பா கொடுக்கலாம், சித்தப்பா பிள்ளைகள் கொடுத்துப் பயனில்லை. அக்காள் மகளைக் கட்டிய வீடுகளில் ஒரு வசதி உண்டு: கணவனின் அம்மாவே மனைவிக்கு அம்மாச்சி என்பதால் இருவருக்கும் ஒரே தாய்வழி. அங்கே இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோதனை செய்வது வீண் செலவு. மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட வேண்டாம். வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ள பெரியவர்களை அதற்கும் முன்பே வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

சோதனையில் மூன்று தரம் உண்டு. விலை குறைந்த சிப் சோதனை, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 16,569 டிஎன்ஏ எழுத்துகளில் (ஏ, சி, ஜி, டி; இங்கே டி என்பது T) முன்பே தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் பார்க்கும். அந்தத் தேர்வு பெரும்பாலும் ஐரோப்பியக் கிளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால் நம் ஊர்க் கிளைகள் பாதி வழியிலேயே ‘எம்’ என்று நின்றுவிடும். இரண்டாவது, 16024 முதல் 16383 வரை உள்ள துண்டை மட்டும் படிப்பது. பழைய ஆய்வுகள் பல இதை வைத்துத்தான் நடந்தன. ஆனால் இந்தத் துண்டில் ஒரே மாற்றம் வெவ்வேறு கிளைகளில் திரும்பத் திரும்ப நடக்கும். 16223, 16319 இரண்டும் மாறியிருந்தால் அது இந்தியாவின் எம்2 ஆகவும் இருக்கலாம், கிழக்காசியாவின் ஏ ஆகவும் இருக்கலாம். ஏ என்பது எம்மின் கிளைகூடக் கிடையாது, ‘என்’ (N) என்ற வேறு அடிமரத்தைச் சேர்ந்தது. பணம் செலவழிப்பதாக இருந்தால் மூன்றாவதான முழு வரிசைக்கே செலவழியுங்கள்.

முழு வரிசையிலும் ஒரு முட்டுச்சந்து உண்டு. 16184 முதல் 16193 வரை ஐந்து சி, ஒரு டி, நான்கு சி என்று இருக்கும். நடுவில் 16189இல் உள்ள டி, சி ஆக மாறிவிட்டால் பத்து சி தொடர்ச்சியாக நிற்கும். நகலெடுக்கும் நொதி அங்கே வழுக்கும். ஒரே ஆளின் மாதிரியில் ஒன்பது, பத்து, பதினொன்று என்று கலந்த நகல்கள் வரும். வரிசை படிக்கும் பழைய சாங்கர் முறையில் அந்த இடத்துக்கு அப்பால் எல்லாம் குழம்பிப்போகும். மறுமுனையிலிருந்தும் படித்தால்தான் சரியாகும். ஆகவே 16189சி இருக்கும் மாதிரியில் அதை ஒட்டி வரும் 16182சி, 16183சி, கூடுதல் சி ஆகியவற்றைக் கிளை பிரிக்கப் பயன்படுத்தாதீர்கள். 309, 315 பக்கத்துக் கூடுதல் சி, 523–524 நீக்கம், 16519 ஆகியவையும் அப்படியே.

இனி கோப்பு. வரும் பட்டியல், உங்கள் வரிசை 1981இல் கேம்பிரிட்ஜில் படிக்கப்பட்டு 1999இல் திருத்தப்பட்ட மேற்கோள் வரிசையிலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகிறது என்பதுதான். அந்த மேற்கோள் வரிசை மனிதகுலத்தின் மூதாதையுடையது அல்ல. ஐரோப்பாவில் பரவலான எச் மரபின் ஒரு கடைக்கோடிக் கொப்பு. இதை மறந்தால் மொத்தமும் தலைகீழாகும். 263ஜி, 750ஜி, 1438ஜி, 4769ஜி, 8860ஜி, 15326ஜி ஆறும் உலகில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். மாறியது நீங்கள் இல்லை, மேற்கோள் வரிசைக்கு உரியவரின் மூதாதையர். இந்த ஆறையும் ‘அரிய பழங்கால மாற்றங்கள்’ என்று வட்டம் போட்டுக் காட்டுபவர்கள் உண்டு.

அதேபோல 8701ஜி, 9540சி, 10398ஜி, 10873சி, 15301ஏ ஐந்தும் எம்மின் அடையாளம் அல்ல. ‘என்’ (N) மரபில் நடந்த மாற்றங்கள் உங்கள் வழியில் நடக்கவில்லை என்பதையே அவை காட்டுகின்றன. எம்மின் சொந்த மாற்றங்கள் நான்குதான்: 489சி, 10400டி, 14783சி, 15043ஏ.

10397 முதல் 10400 வரை உள்ள நான்கு எழுத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். எல்3 என்ற ஆப்பிரிக்கத் தாய்மரத்தில் அது ஏஜிசிசி. எம்மில் கடைசி எழுத்து மாறி ஏஜிசிடி. ‘என்’ (N) மரபில் இரண்டாம் எழுத்து மாறி ஏஏசிசி. அலு-1 என்ற வெட்டுநொதி ஏஜிசிடி என்ற இடத்தில் மட்டுமே வெட்டும். வரிசை படிக்க வசதியில்லாத 1990களில் ஆய்வகங்கள் இதை வைத்தே எம்மைக் கண்டுபிடித்தன: நொதியை ஊற்று, டிஎன்ஏ துண்டானால் எம். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்களின் இரண்டு பெரும் தாய்வழிகளும் இந்த நான்கு எழுத்துக்குள்ளேயே பிரிந்து நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. சில பழைய கோப்புகள் கேம்பிரிட்ஜ் வரிசைக்குப் பதிலாக ஆப்பிரிக்காவின் யோருபா இனத்து ஆள் ஒருவரின் 16,571 எழுத்து வரிசையோடு ஒப்பிட்டவை. அதில் எண்கள் தள்ளிப்போயிருக்கும்: 489 இருக்க வேண்டிய இடத்தில் 491, 10400க்குப் பதில் 10401. போதாக்குறைக்கு அந்த ஆளுக்கும் 16223டி உண்டு என்பதால் அது உங்கள் பட்டியலில் வராது. கோப்பில் 491, 10401 இரண்டும் இருந்து 489, 10400 இல்லாவிட்டால் மேற்கோள் வரிசை மாறியிருக்கிறது என்று அறிக. கையால் திருத்த வேண்டாம். முழு எழுத்து வரிசையான ஃபாஸ்டா கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபாஸ்டா கோப்பை, தாய்வழிக் கிளை கண்டுபிடிக்கும் ஹாப்லோகிரெப் தளத்தில் ஏற்றினால் உலகத் தாய்வழி மரபுகளின் வரைபடமான ஃபைலோட்ரீ மரத்தில் உங்கள் கொப்பைக் காட்டும், 1க்கு எவ்வளவு என்று மதிப்பெண்ணும் போடும். 0.9க்கு மேல் நம்பலாம். 0.8க்குக் கீழே போனால் கொப்பின் பெயரை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அடிக்கடி நடப்பது, துண்டு வரிசையை மட்டும் கையால் உள்ளிட்டுவிட்டு எல்லையை 1–16569 என்று போட்டுவிடுவது. படிக்காத இடங்களையெல்லாம் ‘மாற்றம் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் நிரல், இல்லாத ஊருக்கு வழி காட்டும். இன்னொன்று, ஒரு கொப்புக்கு வர வேண்டிய மாற்றங்களில் பாதி காணாமல் போய், தொலைவில் உள்ள வேறொரு கொப்பின் மாற்றங்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரின் மாதிரி கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கொப்பு கிடைத்தபின் இடம்பெயர்வுக்கு வரலாம். எம்2 என்றால் 447ஜி, 1780சி, 8502ஜி, 11083ஜி, 15670சி, 16319ஏ தெரியும். இந்தியாவுக்குள்ளேயே வேர்விட்ட மிகப் பழைய கிளைகளில் ஒன்று. பழங்குடிகளிடமும் இருக்கிறது, சாதிச் சமூகங்களிடமும் இருக்கிறது. எம்7, எம்8, ஜி, டி என்றால் கிழக்காசியா. ஈ தென்கிழக்காசியத் தீவுகள், க்யூ நியூகினி. சி, டி இரண்டும் பெரிங் நிலப்பாலம் வழியே அமெரிக்காவுக்கும் போயின. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த சுமார் 12,600 ஆண்டுப் பழைய அன்சிக் குழந்தை, டியின் கொப்பான டி4எச்3ஏ. எம் ஆசியாவுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2016இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது: பெல்ஜியத்தின் கோயே குகையில் கிடைத்த சுமார் 35,000 ஆண்டுப் பழைய எலும்பிலும் எம். பனியுகத்தில் அந்த வழி ஐரோப்பாவில் அற்றுப்போயிருக்கிறது. இன்று எங்கே அதிகம் என்பதை வைத்து அன்று எங்கே இருந்தது என்று முடிவுகட்ட முடியாததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழ் இணையத்தில் அதிகம் உருளுவது எம்42. 2009இல் வெளியான ஆய்வில் இந்தியப் பழங்குடிகள் 26 குழுக்களிலிருந்து 966 பேரின் முழு வரிசையைப் படித்தார்கள். அதில் ஏழு பேருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் எம்42உடன் இரண்டு மாற்றங்கள் பொது: 8251ஏ, 9156டி. இவற்றில் 8251 டபிள்யூ, ஐ போன்ற தொடர்பில்லாத மரபுகளிலும் வரும், எனவே அதற்கு எடை குறைவு. பாரத்தைத் தாங்குவது 9156. இரண்டு நாட்டுக் கொப்புகளும் பிரிந்தது ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன். அதாவது தெற்காசியக் கரையோரமாகப் போனவர்களில் சிலர் இங்கே தங்கினார்கள், சிலர் கடல்மட்டம் தாழ்ந்ததால் இந்தோனேசியத் தீவுகள் சில இணைந்திருந்த சுந்தா நிலப்பரப்பைத் தாண்டி ஆஸ்திரேலியா போனார்கள். அப்போது தமிழ் இல்லை, கப்பல் வணிகமும் இல்லை. ‘தமிழன் ஆஸ்திரேலியா போனான்’ என்று இதை எடுத்து ஒட்டுபவர்கள் 966இல் ஏழு என்ற எண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுவது எம்130. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழு உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில் கண்டது அது. அது ஒய் குரோமோசோமில் உள்ள குறி. அப்பா வழி மட்டும். அந்த ‘எம்’ வேறு, தாய்வழி எம் வேறு. பெயர் ஒத்துப்போனது தற்செயல்.

காலக்கணக்கு போட விரும்புவோருக்கு: முழு வரிசையில் சராசரியாக 3,624 ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்பது 2009இல் வந்த, பரவலாகப் பயன்படும் கணக்கு. உங்களுக்கும் கொப்பின் கணுவுக்கும் இடையில் ஐந்து மாற்றம் என்றால் சுமார் 18,000 ஆண்டு. ஆனால் ஐந்து என்ற சிறு எண்ணின் தற்செயல் பிழையே கூட்டியோ குறைத்தோ 8,000 ஆண்டு வரும். 10,000க்கும் 26,000க்கும் இடையில் எதுவும் நடந்திருக்கலாம். தீங்கான மாற்றங்கள் காலப்போக்கில் வடிகட்டப்படுவதால், அண்மைக் காலத்துப் பிரிவுகளுக்கு இந்த நேர்க்கணக்கு வயதைக் கூட்டிக் காட்டும்.

சரிபார்க்கப் பழைய எலும்பு வேண்டும். வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் பயன்படும் அளவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெண்ணுடையது. அவர் தாய்வழி யூ2பி2. எம் கிடையாது, ‘என்’ (N) வழியில் வருவது. ஒரு பெண்ணை வைத்து ஒரு நாகரிகத்துக்கு எழுத்துக் கொடுக்க முடியாது. உங்கள் கணக்கும் அப்படித்தான்: பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் வம்சத்தில் 1,024 இடங்கள், இந்தச் சோதனை சொல்வது அதில் ஒருத்தியைப் பற்றி. சாதிப் பெருமைக்கு இதைச் சான்றாகக் கொண்டுவருபவரிடம் மீதி 1,023 பேரைக் கேளுங்கள்.

கோப்பைப் பொதுத்தளத்தில் ஏற்றுமுன் 1555ஜி, 3243ஜி, 11778ஏ ஆகிய நோய் தொடர்பான மாற்றங்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். முதலாவது இருந்தால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகளால் காது கேட்காமல் போகலாம், மூன்றாவது பார்வை நரம்பைத் தாக்கும் லீபர் நோய்க்குரியது. இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளிடமும் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகு ஏற்றுங்கள். அது அவர்களுடைய வரிசையும்தான்.