அஞ்சைக்களத்துக்கு இந்த முறை நான் மட்டும்

ஆடி சுவாதிக்கு முதல் நாள் விடியற்காலை திருப்பூரில் அவினாசி பஸ் ஏறினேன். பழக்கத்தில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலோரம் மாஸ்டருக்கு. போன இரண்டு ஆடியிலும் அப்படித்தான் போனோம். ஒரு அம்மா வந்து, "தள்ளி உட்காருங்க கண்ணு" என்றதும்தான் நகர்ந்தேன்.

பதினாறு வருடம் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் கட்டிங் மாஸ்டர். நான் கணக்கு. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் கடைசி நாள் வரைக்கும் "வாங்க தம்பி, போங்க தம்பி" தான். நான் சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை சம்பளப் பட்டியலில் பீஸ் ரேட்டைத் தப்பாகப் போட்டுவிட்டேன். டெய்லர்கள் எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்தவர், "தம்பி திங்கக்கிழமை சரி பண்ணிருவாருங்க, நான் பொறுப்பு" என்றார். அதுவரை அவரிடம் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

கட்டிங் மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே தேவாரம் பாடுவார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும். அதிலும் சுந்தரர் என்றால் உயிர். "தம்பிரான் தோழர்னு பேரு வாங்கினவருங்க தம்பி. சாமிகிட்டயே சிநேகிதம் வெச்சவரு" என்பார். ஆடி சுவாதி சுந்தரருக்கும் அவர் நண்பர், சேர அரசர் சேரமான் பெருமாளுக்கும் சேர்த்துக் குருபூஜை. அன்றைக்குக் கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருக்கிற திருவஞ்சைக்களத்துச் சிவன் கோயிலில் இருக்க வேண்டும் என்று வருடா வருடம் லீவு போடுவார். என்னையும் கூப்பிடுவார். ஏதாவது கணக்கு முடிக்க இருக்கிறது என்று பல வருடம் நான் போகவில்லை. போயிருக்கலாம்.

இந்தத் தையில், பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார். முதல் நாள் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் "சரிங்க தம்பி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றவர்தான்.

அவினாசியில் இறங்கினேன். அவிநாசிலிங்கேசுவரரையும் கருணாம்பிகையையும் கும்பிட்டுவிட்டுத்தான் மலைநாடு, அதாவது கேரளம், போக வேண்டும் என்பது மாஸ்டர் வகுத்த வழி. சுந்தரரும் சேரமானைப் பார்க்கப் போகும்போது இந்த வழியாகத்தான் போனார். அப்போது இந்த ஊர் திருப்புக்கொளியூர். எதிரெதிராக இரண்டு வீடு. ஒன்றில் பூணூல் கல்யாண மேளம், மற்றதில் அழுகை. சில வருடத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மடுவில் குளிக்கப் போய், ஒருவனை முதலை கொண்டுபோய்விட்டது. இருந்திருந்தால் இவனுக்கும் இன்று பூணூல். சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவும் அப்பாவும் முகம் மலர ஓடிவந்து கும்பிட்டார்களாம். மகனை இழந்தவர்கள் நீங்கள்தானா என்று அவர் கேட்டதற்கு, அது முன்பு நடந்தது, உங்களைப் பார்த்ததே எங்களுக்குப் போதும் என்றார்களாம். இந்த இடம் வந்தால் மாஸ்டருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் சுந்தரர் மடுவின் கரையில் நின்று பாடுகிறார்: "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே." முதலை கரைக்கு வந்து பிள்ளையைக் கொடுக்கிறது, போன வருடங்களின் வளர்ச்சியோடு சேர்த்து.

தையிலிருந்து இந்த வரியை என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை. சன்னதியில் பக்கத்தில் நின்ற பெரியவர் பதிகத்தை முழுக்கப் பாடினார். நான் "தரச்சொல்லு" வரை வந்து நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. திருநீற்றை எடுத்து என் கையில் போட்டார்.

கோயமுத்தூர், பாலக்காடு, திருச்சூர், கொடுங்கல்லூர் என்று பஸ் மாறி மாறிப் போனேன். வாளையார் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி கொடுங்கல்லூரில் தங்கினேன். அங்கே ஆடி என்பது கர்க்கடகம், நல்ல மழைக்காலம். பக்கத்து வீட்டில் யாரோ ராமாயணம் வாசிக்கும் சத்தம் மழைக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தது.

தேவாரம் பாடிய காலத்தில் அந்தக் கடற்கரை ஊருக்கு மகோதை என்று பெயர். "கடலங்கரை மேல்மகோதை அணியார்பொழில் அஞ்சைக்களத்தப்பனே" என்று சுந்தரர் பாடியிருக்கிறார். கேரளத்தில் தேவாரம் பெற்ற ஒரே சிவத்தலம் இதுதான். மற்ற நாளில் அமைதியாக இருக்கிற கோயிலில் சுவாதி அன்று எங்கே பார்த்தாலும் தமிழ்ச் சத்தம். ஈரத்தோடு ஈரமாக அடியார்கள் உட்கார்ந்து திருமுறை பாடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போகச் சட்டையைக் கழற்ற வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு முடியாமல் போனது. முதல் வருடம் நான் சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்ததைப் பார்த்து, "குடுங்க தம்பி" என்று வாங்கி, திண்ணையில் குப்புறப் போட்டு, இரண்டு கையையும் பின்னால் மடக்கி, காலர் நிமிர்ந்து நிற்க, பெட்டியில் போடப்போகிற ஏற்றுமதிச் சரக்கு மாதிரி மடித்துக் கொடுத்தார். காலர் முனையை ஒரு தடவை விரலால் நீவினார். கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டை விரலின் அடியில் காய்த்துப்போன கை அது. இந்த முறை அதே திண்ணையில் நானே போட்டு மடித்தேன். ஒரு கை வெளியே வந்துகொண்டே இருந்தது. மூன்று தடவை பிரித்து மடித்தேன்.

சேரமானும் சுந்தரரும் அங்கே ஒரே சன்னதியில் இருக்கிறார்கள். பூஜை முடிந்ததும் தினமும் நடராஜரின் சிலம்பொலி சேரமானுக்குக் கேட்குமாம். ஒரு நாள் கேட்கத் தாமதமானது, தில்லையில் சுந்தரன் பாடிக்கொண்டிருந்தான் என்று இறைவன் காரணம் சொல்ல, அப்படிப்பட்டவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போய் நட்பானவர் சேரமான். பார்ப்பதற்கு முன்பே பிடித்துப்போன சிநேகிதம். கடைசியில் இந்தக் கோயிலில்தான் சுந்தரர் உலக வாழ்க்கை போதும் என்று வேண்டி, வெள்ளை யானை வந்து, நண்பரிடம் சொல்லாமலே புறப்பட்டார். மரபுப்படி அவருக்கு வயது 18. சேரமான் அதை உணர்ந்து குதிரையில் ஏறி, அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் பாய்ந்தது.

போன வருடம் இதே சன்னதி முன்னால் மழை விடக் காத்திருந்தபோது மாஸ்டர் மிச்சத்தைச் சொன்னார். கயிலையில் சேரமானை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போன சுந்தரர் சாமியை விழுந்து கும்பிட்டதும், வாசலில் சேரமான் நிற்கிறார் என்றுதான் விண்ணப்பம் செய்தாராம். நந்தி வந்து அழைத்துப்போனார். "பாருங்க தம்பி, அவ்வளவு பெரிய எடத்துக்குப் போயும் வெளிய நிக்கிறவர மறக்கலைங்க" என்றார். அப்போது "ஆமாங்க மாஸ்டர்" என்றேன், மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டே. இன்றைக்கு அந்த இடத்தில் நின்றபோது, வேறு எந்த வேண்டுதலும் வரவில்லை. "மாஸ்டர், நான் வாசல்ல நிக்கிறேனுங்க" என்று மட்டும் சொன்னேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்னால் நின்றவர் நகர்ந்து வழிவிட்டார்.

ஓதுவார் நொடித்தான்மலைப் பதிகத்தை எடுத்தார். "ஊனுயிர் வேறுசெய்தான் நொடித்தான்மலை உத்தமனே." நொடித்தான்மலை என்றால் கயிலை. அங்கே போகிற வழியில் சுந்தரர் பாடிய பதிகம். சாவைப் பற்றி அத்தனை நிறைவாகச் சொன்ன பாட்டை நான் வேறு கேட்டதில்லை. 'அந்தோ, நாயினேனைப் பொருட்படுத்தி' என்று வியக்கிறாரே தவிர, ஒரு இடத்திலும் பயப்படவில்லை. மாஸ்டர் அன்று ராத்திரி பயந்திருப்பாரோ என்று தையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை அந்த நினைப்பு வரவில்லை.

மத்தியானம் அன்னதானம் சாப்பிட்டுவிட்டு அழீக்கோடு முனக்கல் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்தேன். பெரியாறு கடலில் சேருகிற இடம். மாஸ்டர் கோயிலோடு திரும்பிவிடுவார், இங்கே வந்ததில்லை. கையில் அவருடைய தேவாரப் புத்தகம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாஸ்டர் வீட்டு அக்கா கொடுத்தது. "உங்களுக்குத்தானுங்க இது" என்றார். காலருக்கு வைக்கிற ரிப் துணியில் ஒரு விரல் அகலத் துண்டு, கருநீலம், அதைத்தான் பக்க அடையாளமாக வைத்திருந்தார். ஓரம் ஒரு நூல்கூடப் பிரியாமல் வெட்டியிருந்தது. அது இருந்த பக்கம் நொடித்தான்மலைதான்.

பத்தாம் பாட்டில் சுந்தரர் கடலரசனிடம் ஒரு வேலை சொல்கிறார்: "ஆழி கடலரையா அஞ்சையப்பர்க்கு அறிவிப்பதே." போனவர் திரும்பவில்லை, பாட்டை மட்டும் கடல் இந்தக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது.

எனக்குக் குரல் கிடையாது. அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பத்துப் பாட்டையும் உதடு அசைத்து வாசித்தேன். தூறல் ஆரம்பித்தது. துணித்துண்டை அதே பக்கத்தில் வைத்து, புத்தகத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தேன். அக்காவுக்குக் கொடுக்க அஞ்சைக்களத்துப் பிரசாதம் பையில் இருந்தது.