வாக்கிங் மட்டும் போனா போதுமாங்க?

அறுபது தாண்டிட்டா போதும், டாக்டர்கிட்ட போனாலும் சரி, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சரி, பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்திருக்கறவங்ககூட நமக்குச் சொல்ற ஒரே அட்வைஸ் "டெய்லி வாக்கிங் போங்க, எல்லாம் சரியாப் போயிடும்". நானும் ரிட்டயர் ஆனதுலேர்ந்து போயிட்டுத்தான் இருக்கேன். எங்க கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல காலைல ஆறு மணிக்கு வந்து பாத்தீங்கன்னா பாதி ஊரு அங்கதான் சுத்திட்டிருக்கும், ஒரு சுத்து சுத்தி முடிச்சா நேரா காபி கடை, அங்க நின்னு அரை மணி நேரம் பென்ஷன் அரியர்ஸ் பத்தி பேச்சு, அப்பறம் வீடு. வாக்கிங்கை நான் குறை சொல்லலைங்க, இன்னிக்கும் போறேன். ஆனா அது மட்டும் போதும்னு நம்மள நம்ப வச்சிருக்காங்க பாருங்க, அதுலதான் எனக்கு ஒப்புதல் இல்ல.

எங்க வீட்டுக்காரரோட அக்கா, எனக்கு நங்கையா, என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க. மழை பெஞ்சாக்கூட வாக்கிங்கை விடமாட்டாங்க, வீட்டு வராண்டாவுலயாவது நடந்துருவாங்க. பேத்தியோட வளைகாப்புல பாய்ல உக்காந்து நலுங்கு வச்சாங்க, வச்சு முடிச்சதும் எந்திரிக்க முடியல. ஒரு கையை ஊனி பாத்தாங்க, அப்பறம் ஒருபக்கமா திரும்பி ரெண்டு கையையும் தரைல வச்சு பாத்தாங்க, கடைசில "ஏ புள்ள, கை குடுங்க"ன்னு ரெண்டு பேரு புடிச்சு தூக்கி விட்டோம். அங்க எல்லாரும் சிரிச்சாங்க, அவங்களும் சிரிச்சாங்க. கார்ல திரும்பி வரும்போதுதான் எங்கிட்ட மெதுவா சொன்னாங்க, "இன்னிக்கு நீங்கல்லாம் இருந்தீங்க, வீட்டுல ஆளில்லாதப்ப பாத்ரூம்ல விழுந்தா யாரு வந்து தூக்கறது?"ன்னு. வருஷக்கணக்கா நடக்கற பொம்பளைங்க அவங்க, அவங்களுக்கே இப்படி.

எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, வாழ்நாள்ல ஒரு நாள்கூட வாக்கிங்னு போனதில்ல. ஆனா அருவாமணை முன்னாடி உக்காரோணும், அடுப்பு முன்னாடி உக்காரோணும், ஆட்டுக்கல்லு, கட்டுத்தரைல சாணி வழிக்கறது, சம்மணம் போட்டு சாப்புடறது, எல்லாமே தரையோட தரையா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை உக்காந்து எந்திரிச்சிருப்பாங்கன்னு கணக்கே கெடையாது. இப்ப அடுப்பு மேடை மேல, சாப்பாடு டைனிங் டேபிள்ல, தூக்கம் கட்டில்ல, டாய்லெட் வெஸ்டர்ன், டிவி சோஃபால. பூஜை ரூம்லகூட சின்ன ஸ்டூல் போட்டாச்சு. தொடைக்கு வேலையே இல்ல. அதுக்காக அம்மில அரைங்கன்னு வாட்ஸாப்ல ஃபார்வர்டு பண்ற பார்ட்டி நான் இல்ல, எங்க அம்மிச்சிக்கு அந்த வேலைலயேதான் இடுப்பு போச்சு, அதையும் கூட இருந்து பாத்தவ நானு. வெஸ்டர்ன் டாய்லெட் வந்ததுக்கு நான் தெனமும் கும்புடு போடுவேன். ஆனா அந்த வேலை போனதோட தொடைக்கு இருந்த பயிற்சியும் போயிருச்சு, அதுக்குப் பதிலா நாம வேற ஒண்ணும் வைக்கல.

இது எனக்குப் புரிஞ்சது பிசியோகிட்ட, அதான் வலிக்குப் பயிற்சி சொல்லித் தர்ற பிசியோதெரபிஸ்ட்கிட்ட, போனப்பதான். முழங்கால் வலின்னு போனேன், சின்னப் பொண்ணு, எங்க மக வயசுகூட இருக்காது. ஒரு மரச் சேரை செவத்தோட ஒட்டிப் போட்டு, "கைய ரெண்டையும் நெஞ்சு மேல குறுக்க வச்சுக்கங்கம்மா, சேரைப் புடிக்காம முழுசா எந்திரிச்சு நில்லுங்க, மறுபடி உக்காருங்க, முப்பது செகண்டுக்கு எத்தனை வருதுன்னு பாப்போம்"ன்னு போன்ல டைமர் ஆன் பண்ணுச்சு. இது உலகம் பூரா பண்ற டெஸ்டாம். அமெரிக்காவுல சிடிசின்னு அரசாங்க சுகாதார அமைப்பு ஒண்ணு இருக்கே, அவங்க சொல்ற கணக்குப்படி 65லேர்ந்து 69 வயசு பொம்பளைங்களுக்கு 11 வரணும், ஆம்பளைங்களுக்கு 12. 75லேர்ந்து 79 வயசு பொம்பளைங்களுக்கே 10 வரணும். கொறஞ்சா கீழ விழற ரிஸ்க் இருக்குன்னு அர்த்தம். நான் அந்தக் கோட்டுக்குக் கீழதான் நின்னேன், அதுவும் கடைசி ஒண்ணு ரெண்டு எந்திரிக்கும்போது தொடை ரெண்டும் நடுங்குச்சு. "அம்மா உங்களுக்கு மூட்டு அவ்வளவு மோசமில்ல, மூட்டைத் தாங்கற சதைதான் கொறஞ்சு போச்சு"ன்னு சொல்லுச்சு.

முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேர்ந்து 8 சதவீதம் வரைக்கும் சதை கொறஞ்சுட்டே போகுமாம், அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. நடக்கறப்ப சமதரைல ஒடம்பு அதுக்குப் பழகின வேகத்துல போகும், அது நெஞ்சுக்கு, சுகருக்கு, பிபிக்கு, மனசுக்கு எல்லாம் நல்லது, ஆனா தொடைச் சதைக்கு அதுல பெருசா சவால் இல்ல. சதை வளரணும்னா அதால முடிஞ்சதைவிட கொஞ்சம் கூடக் கேக்கணும், அவ்வளவுதான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2020ல போட்ட வழிகாட்டுதலையே எடுத்துக்கங்க, 65க்கு மேல இருக்கறவங்க வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் நடக்கற மாதிரி பயிற்சி, சதைக்கான பயிற்சி ரெண்டு நாளாவது, பேலன்ஸும் பலமும் சேந்த பயிற்சி மூணு நாளாவதுன்னு தெளிவாப் போட்டிருக்கு. நம்மாளுங்க மொத லைனை மட்டும் படிச்சிட்டு ஷூ வாங்கப் போயிட்டாங்க.

"இந்த வயசுக்கு மேல சதை எங்கிருந்து வளரப் போகுது"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார், எல்லா வீட்லயும் அதைத்தான் கேப்பாங்க. 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, சராசரி வயசு தொண்ணூறு, பத்தே பேரு, எட்டு வாரம் காலுக்கு வெயிட் தூக்க வச்சிருக்காங்க. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிருக்கு, ரெண்டு பேரு கைத்தடியவே விட்டுட்டாங்க. பத்து பேரை வச்சு உலகத்துக்கே சொல்லலாமான்னு கேக்கலாம், ஆனா அதுக்கப்பறம் பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாமும் அதே பக்கம்தான் வந்திருக்கு. அவ்வளவு தூரம் ஏன் போவானேன், நம்ம ஊரு நானம்மாள் பாட்டி இருந்தாங்களே, 1920ல பொறந்தவங்க, சேலைய கட்டிக்கிட்டே யோகாசனம் போட்டவங்க, 2018ல பத்மஸ்ரீ வாங்கினாங்க, 2019ல 99 வயசுல போய்ச் சேந்தாங்க. அவங்க சின்ன வயசுலேர்ந்தே பண்ணவங்க, நம்மளால அப்படி வளைய முடியாது, அவங்களைப் பாத்து நாளைக்கே தலைகீழா நிக்கறேன்னு கெளம்பிடாதீங்க.

சரி, நான் வீட்டுல என்ன பண்றேன்னா அதே சேர்தான். சக்கரம் இல்லாத, கை வச்ச, கனமான சேர், செவத்தோட ஒட்டிப் போட்டுக்கறேன், வழுவழுன்னு இருக்கற டைல்ஸ்ல நடுவுல போட்டா சேர் பின்னாடி நகந்து போயிரும். சேர் நுனிக்கு வந்து உக்காந்து, பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி இழுத்து வச்சு, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வர்ற அளவு முன்னாடி சாஞ்சு, மூச்சை விட்டுட்டே எந்திரிக்கணும். மூச்சைப் புடிச்சா பிபி ஏறும். எந்திரிக்கறதைவிட உக்கார்றதுதான் முக்கியம், பொத்துன்னு விழாம மூணு எண்ணி மெதுவா எறங்கணும், அதுலதான் தொடை எரியும். முடியாதவங்க மொதல்ல சேர் மேல தலகாணி போட்டு உசரமாக்கி ஆரம்பிக்கலாம், கைப்புடியப் புடிச்சுக்கலாம், தப்பில்ல. ஈஸியா வர ஆரம்பிச்சதும் நான் கையில அரிசிப் பையை அணைச்சுட்டுப் பண்றேன். தோப்புக்கரணம் போடறதும் கிட்டத்தட்ட இதுதான், அதை வெளிநாட்டுல சூப்பர் பிரெய்ன் யோகான்னு பேரு வச்சு கிளாஸ் எடுக்கறாங்க, நம்ம புள்ளையாருக்கு ராயல்டி குடுக்கணும்.

பேலன்ஸுக்கு சமையல் மேடையே போதும். குக்கர் விசில் வர்ற வரைக்கும் மேடைய லேசா புடிச்சுட்டு ஒத்தைக்கால்ல நிப்பேன், அப்பறம் மாத்திக்குவேன், குதிகாலைத் தூக்கி முன்பாதத்துல நின்னு எறங்குவேன். நியூசிலாந்துல ஒட்டாகோ பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, வீட்டுலயே பண்ற கால் பயிற்சியும் பேலன்ஸும் நடையும்தான், அதை ஒழுங்காப் பண்ண வயசானவங்க கீழ விழறது சுமார் 35 சதவீதம் கொறஞ்சிருக்கு. இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்தவங்களை நம்ம எல்லாரும் பாத்திருக்கோம், அதுக்கப்பறம் பழையபடி நடமாடறவங்க கொஞ்ச பேருதான்.

வாக்கிங்லயே ஒண்ணு சொல்லணும், இந்தப் பத்தாயிரம் ஸ்டெப் பைத்தியம். 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி விக்கறதுக்கு விட்ட ஸ்டெப் எண்ணற மெஷினோட பேருலேர்ந்து வந்த நம்பர் அது, ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச கணக்கு இல்ல. அமெரிக்காவுல சராசரி 72 வயசு பொம்பளைங்க பதினாறாயிரத்துக்கும் மேல பேரை வச்சு 2019ல வெளிவந்த ஆய்வுல, ஒரு நாளைக்கு 4400 ஸ்டெப் நடந்தவங்களுக்கே நல்ல பலன் இருந்திருக்கு, 7500க்கு மேல போனா பெருசா கூடல. ராத்திரி பத்து மணிக்கு வாட்சைப் பாத்துக்கிட்டு ஹால்ல சுத்தற அண்ணன்மாருங்க இதை நோட் பண்ணிக்கங்க. அதுக்குப் பதிலா சாப்புட்டதும் பத்து நிமிஷம் நடங்க, சுகர்காரங்களுக்கு அது ஒரே தடவையா அரை மணி நேரம் நடக்கறதைவிட சாப்பாட்டுக்கு அப்பறம் ஏறற சுகரை நல்லா கொறைக்குதுன்னு அதே நியூசிலாந்துல பாத்திருக்காங்க, முக்கியமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம்.

சாப்பாடும் பாக்கணும். "எனக்கு ராத்திரி ரெண்டு இட்லி போதும்"ன்னு சொல்றது நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு பெருமை. ரெண்டு இட்லில மூணு நாலு கிராம் புரோட்டீன் இருந்தா அதிகம். வயசானவங்களுக்கு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேணும்னு சொல்றாங்க, அறுபது கிலோ இருந்தா அறுபது கிராம். ஒரு முட்டைல ஆறு கிராம், ஒரு டம்ளர் பால்ல ஆறேழு கிராம், கணக்குப் போட்டுப் பாத்தா எங்க வீட்டுல பாதிகூடத் தேறல. இப்ப சாயங்காலம் முறுக்குக்குப் பதிலா கொள்ளு இல்லன்னா கொண்டக்கடலை சுண்டல், காலைல ஒரு முட்டை. கிட்னி பிரச்சனை இருக்கறவங்க இதை டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க. இன்சுலின் போடறவங்களும் சுகர் மாத்திரை போடறவங்களும் வெறும் வயித்துல கெளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க, பையில கொஞ்சம் குளுக்கோஸோ சக்கரை மிட்டாயோ இருக்கட்டும். பிபி மாத்திரை போட்டுட்டு சடக்குன்னு எந்திரிச்சா தலை சுத்தும், எந்திரிச்சதும் ஒரு நிமிஷம் நின்னு அப்பறம் நகருங்க. நெஞ்சு வலி, மூச்சு முட்டறது வந்தா அங்கேயே நிறுத்திருங்க, "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்"னு வெயிட் பண்ணாம ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.

ஜிம்முக்குப் போலாமான்னு எங்க வாக்கிங் செட்டுல கேட்டாங்க. நான் போறேன், எங்க மக சேத்து விட்டா. மொத நாள் அங்க இருந்த ட்ரெய்னர் பையன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஆன்ட்டி நீங்க ட்ரெட்மில்ல மெதுவா நடங்க, போதும்"ங்கறான். நடக்கறதுக்கு எனக்கு ரேஸ்கோர்ஸ் ஃப்ரீயா இருக்கு கண்ணு, நடக்கறதுக்கா காசு கட்டி வந்திருக்கேன்னு கேட்டேன். பிசியோ எழுதிக் குடுத்த பேப்பரைக் காட்டினதுக்கப்பறம்தான் கால்ல தள்ளற மெஷின் பக்கமே கூட்டிட்டுப் போனான். இப்ப அவனே "ஆன்ட்டி இன்னும் அஞ்சு கிலோ ஏத்தட்டுமா"ன்னு கேக்கறான். ஃபீஸ்ல சீனியர் சிட்டிசன் டிஸ்கவுண்ட் கேட்டா மட்டும் சிரிச்சுட்டே ஓனர் ரூமைக் கை காட்டிட்டுப் போயிடறான்.